நாலு கதவும் மூடியிருக்கும் கணம்

இடப்பக்கம் சரிந்து படுக்கச் சொன்னாள் யசோதினி.
இடக்கை தலைக்குக் கீழே,
விலாவில் குளிர்ந்த பசை.
கிளிநொச்சி ஆஸ்பத்திரியின் இருட்டறையில்
ஏசி மட்டும் பெருமூச்சு விட்டது.

"என்ன வேலை அண்ணை?"
குளத்துக் கதவு திறக்கிற வேலை.
"அப்ப உங்களுக்குச் சுகமா விளங்கும்"
சிரித்து, திரையை என் பக்கம் திருப்பினாள்.

கறுப்புக்குள் சாம்பலாய் ஒரு பிராணி
தன்னைத் தானே பிழிந்துகொண்டிருந்தது.

விளங்கவில்லை.
எங்கட கதவுக்குச் சக்கரம் உண்டு, கிரீஸ் உண்டு,
பொறியியலாளரின் தொலைபேசி உண்டு.
ஓரடி உயர்த்த நாற்பது சுற்று.
இங்கே ஆளில்லை.
தள்ளுகிற பக்கம் பலமென்றால் திறக்கிறது,
திரும்பி வந்தால் தானே சாத்திக்கொள்கிறது.
அந்தப் பக்கம் மடிந்துவிடாமல்
நூலளவு கயிறுகள் இழுத்துப் பிடிக்கின்றன.

முதலில் நிறைதல்.
மேலறைகளில் வந்து சேர்ந்தது
கதவைத் தள்ளிக் கீழிறங்குகிறது சத்தமில்லாமல்,
முதல் தண்ணி வயலுக்குள் போவதுபோல.
பெரும்பங்கு தன்பாட்டில் போய்விடும்.
பிறகு வலது மேலறையின் கூரையோரம்
ஒரு பொறி.
மேலறைகள் சுருங்கி
மிச்சத்தை ஓர் உந்து உந்தும்,
கடைசித் தண்ணியை மண்வெட்டியால் தள்ளுகிற மாதிரி.

லப்.
"அது பூட்டின சத்தம் அண்ணை.
திறக்கிறது கேக்காது."

அதற்குப் பிறகு வருவதை
படத்தை நிறுத்தி வைத்துக் காட்டினாள்.
நாலு கதவும் மூடி.
உள்ளே வருவதுமில்லை, வெளியே போவதுமில்லை.
சதை மட்டும் இறுகுகிறது.
அழுத்தம் ஏறுகிறது.

இது எனக்குத் தெரியும்.
மார்கழி ராத்திரி,
அளவுகோலில் தண்ணி மேற்கோட்டைத் தொட
தவராசாவும் நானும் சக்கரத்தில் கைவைத்தபடி
உத்தரவு வராத தொலைபேசியைப் பார்த்து நின்ற
இருபது நிமிடம்.
அணைக்கட்டு காலடியில் முனகியது.
இங்கே அது
ஒரு வினாடியின் இருபதில் ஒரு பங்காம்.
நாற்பத்தொரு வருடமாக
ஒவ்வொரு துடிப்பிலும்
அந்த ராத்திரியில் நின்றிருக்கிறேன், தெரியாமல்.

பிறகு வான் பாய்கிறது.
வலப்பக்கத்துக் கருஞ்சிவப்பு சுவாசப்பைக்கு,
இடப்பக்கத்துச் செஞ்சிவப்பு தலைக்கு, குடலுக்கு,
சக்கரம் சுற்றிக் காய்த்த இந்த உள்ளங்கைக்கு.
முழுதும் போவதில்லை, பாதிக்குச் சற்று மேல்.
மிச்சம் அடியில் கிடக்கும்,
துருசு மட்டத்துக்குக் கீழே
எந்தக் கமக்காரனும் கேட்டு வாங்கமுடியாத தண்ணியாய்.

டப்.
வெளிக்கதவுகள்.
மறுபடி நாலும் மூடி, இம்முறை தளர்வதற்கு.

"இஞ்ச பாருங்கோ" என்றாள், குரல் இறங்கி.
"இந்த இடப்பக்கக் கதவு தடிச்சுப்போச்சு,
முழுசாத் திறக்குதில்லை.
சின்னனில மூட்டுக்காய்ச்சல் வந்ததோ?"

வந்தது.
தொண்ணூற்றாறு, ஸ்கந்தபுரம்,
மரத்தடி வகுப்பில் தொண்டை நோ,
பிறகு முழங்கால் பூசணிபோல.
மாதமொருக்காப் போடவேண்டிய ஊசி
தாண்டிக்குளத்துக்கு அங்கால நின்றது.
இஞ்சால கதவு துருப்பிடித்தது.

பசையைத் துடைக்கக் கடதாசி தந்தாள்.
கேட்காமலே ஒன்று சொன்னாள்:
இதயம் ஊருக்குத் தள்ளும்போது
தனக்கென்று அவ்வளவாய் எடுப்பதில்லை.
அது தளரும்போதுதான்
அதன் சொந்த நாளங்களில் ரத்தம் பாயும்.

வாய்க்கால் கடைசியில் எனக்கும் அரை ஏக்கர் உண்டு.
எல்லாருக்கும் திறந்துவிட்ட பிறகுதான்
அதுக்குத் தண்ணி.

"ஓடாதேங்கோ அண்ணை.
வேகமாத் துடிச்சால் நிறையிற நேரம் குறையும்."

பின்னேர பஸ்ஸில் வந்து இறங்கினேன்.
அணைக்கட்டுக்கு இருபத்தேழு படி.
ஒன்பதாவதில் தொலைபேசி அடித்தது.
எடுக்கவில்லை.
கைப்பிடியில் சாய்ந்து
நிறையட்டும் என்று நின்றேன்.