மணிக்கணக்கு

லிங்கராஜபுரம் மேம்பாலம் இறங்கியதும்
ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் எங்கள் அறக்கட்டளை.
பலகையில் கன்னடம் பெரிதாக, ஆங்கிலம் சிறிதாக.
தமிழ் இல்லை. படியேறி வந்தால் உண்டு.

நான் கணக்கு எழுதுகிறேன்.
மூன்று பத்தி: பணம், பொருள், நேரம்.

பணம் எளிது.
ஹெண்ணூர் அடுக்குமாடிச் சங்கம், நாற்பதாயிரம், காசோலை.
தையல்கடை முனிரத்னம், நூற்றொன்று.
அந்த ஒன்றை மட்டும் நாணயமாகத் தருவார்,
கண்ணில் ஒற்றி.
தெருவில் சேரும் ஒவ்வொரு ரூபாய்க்கும்
அறக்கட்டளை இன்னொன்று போடும்.
அசலைத் தொடமாட்டோம், வட்டிதான் ஊருக்கு என்றால்
சிரிப்பார்:
"வட்டிய வாங்காம குடுக்கற வட்டிக்கடைய
இப்பத்தான் பாக்கறேன்."

பொருளும் பெரிய தொல்லையில்லை.
சைக்கிள் ஒன்று, ஒரு பக்கம் பெடல் கிடையாது.
மூக்குக்கண்ணாடி பதினொன்று.
யாரோ ஒரு மாப்பிள்ளை ஒரே ஒருமுறை போட்ட கோட்டு;
அதை மாட்டிக்கொண்டு நேர்காணலுக்குப் போன
மூன்று பையன்களுக்கு வேலை கிடைத்தது.
நான்காமவனுக்குத் தோள் பிடித்தது.
முனிரத்னம் பிரித்துத் தைத்தார்.
அதை நேரத்தில் எழுதினேன்: முக்கால் மணி.

நேரம்தான் படுத்துகிறது.

தணிக்கைக்கு வந்த ஷெணாய்
அந்தப் பத்தியைப் பென்சிலால் சுழித்தார்.
"இதற்கெல்லாம் என்ன விலை?"

அரசு ஆஸ்பத்திரிச் சீட்டு வரிசையில்
ஷகீராவின் மாமியாருக்காக நின்றது செலஸ்டின்,
ஐந்தரை முதல் ஒன்பது வரை.
ரேஷன் கார்டில் பெயர் திருத்தக்
கன்னடத்தில் மனு எழுதியது சுமலதா, இருபது நிமிடம்.
தப்பாகிப்போய் மறுபடி இருபது.
ராஜகால்வாய் பொங்கிய இரவு
இடுப்பளவுத் தண்ணீரில் சிலிண்டர் சுமந்தவர்கள்
ஒன்பது பேரோ பத்துப் பேரோ,
பெயர் சொல்லவில்லை.
விடியும்வரை.

"விடியும்வரை என்றால் எத்தனை மணி?"
"வடியும்வரை, சார்."

கூலியாளின் நாட்கூலியை எட்டால் வகுத்துப்
பெருக்கிப் போடுங்கள் என்றார்.
எல்லா இடத்திலும் அப்படித்தானாம்.
போட்டுப் பார்த்தேன்.
செலஸ்டினின் விடியற்காலை இருநூற்று நாற்பது ரூபாய்.
அவளிடமே காட்டினேன், அசட்டுத்தனமாக.
"அன்னிக்கு கார்மெண்ட்ஸ்ல முழுநாள் சம்பளம் போச்சு"
என்றவள், சற்றுப் பொறுத்து,
"அத எழுதாத. ஷகீராவுக்குத் தெரியவேணாம்."

மார்ச்சில் ஒரு புதன்கிழமை
செலஸ்டின் மாடியேறி வந்தாள்.
புதன் அவள் வரும் நாளில்லை.
மெட்ரோ வேலையில் சாரம் சரிந்து
புருஷனுக்குக் கால்.
"ஒரு பாரம் குடு" என்றாள்.

எந்தப் பாரம் என்று
கேட்டுவிட்டேன்.

கொடுப்பவருக்கு வெள்ளை. பெறுபவருக்கு மஞ்சள்.
அவள் பதில் சொல்லாமல்
மேசையில் மஞ்சள் இருந்த பக்கம் பார்த்தாள்.

ரெண்டு கலர் எதுக்கு என்று
போன வருஷக் கூட்டத்தில் எழுந்து கேட்டவளும் அவள்தான்.
மினிட் புத்தகத்தில் இருக்கிறது.
கீழே என் கையெழுத்தில்:
பரிசீலிக்கப்படும்.

நிதானமாக நிரப்பினாள்.
'அறக்கட்டளையோடு முன்தொடர்பு உண்டா?'
இல்லை, என்று எழுதினாள்.
நான் திருத்தவில்லை.
திருத்தியிருக்க வேண்டுமோ என்று
இன்னும் தெரியவில்லை.

குழுவில் ஷகீராவும் உண்டு.
பெயரைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றித்
துடைத்துக்கொண்டே இருந்தாள்.
ஆறு நிமிடத்தில் தீர்மானம் ஆயிற்று.
யாரும் எதுவும் பேசவில்லை,
மின்விசிறிதான் டக்டக்கென்று.

மறுநாள் காலையில் எலும்புப்பிரிவு வரிசையில்
ஷகீராவைப் பார்த்ததாகப் பால்காரர் சொன்னார்.
வரிசை வெளிவாசல்வரை இருந்ததாம்.

ஷெணாய்க்குப் பட்டியல் தரவேண்டும்.
மிஞ்சிய மஞ்சள் தாள்களைத் திருப்பிப்போட்டு
முதுகுப்பக்கத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்:
ஷகீரா, ஐந்தேகால் முதல்.
எதுவரை என்று
அவள் இன்னும் சொல்லவில்லை.