இரண்டு கையும் புத்தகத்தில்

எங்கள் பாடப்புத்தகத்தில் மேற்கோள் குறி கிடையாது.
யாராவது வாய் திறந்தால்
வரியின் தொடக்கத்தில் ஒரு நீளக் கோடு,
அவ்வளவுதான்.
கோட்டுக்குப் பின்னால் நிற்பது கரடியா ஓடக்காரனா
நீதான் கண்டுபிடிக்க வேண்டும்.

குத்தாயிசி. மூன்றாம் வகுப்பு. பிப்ரவரி.
இரண்டு கையாலும் புத்தகத்தைப் பிடித்து
நிமிர்ந்து நின்று வாசிக்க வேண்டும் என்பது
மஸெவினார் டீச்சரின் சட்டம்.
நின்றேன். வாசித்தேன்.
ஓர் எழுத்து தடுக்கவில்லை, ஒரு சொல் கீழே விழவில்லை.
கரடி கேட்டதும் ஓடக்காரன் சொன்னதும்
ரொட்டிக்கடை வரிசைபோல
ஒன்றன் முதுகில் ஒன்று ஒட்டி நகர்ந்து போயின.

"மாக்வாலா, இப்போது பேசியது யார்?"
"ஓடக்காரன்."
"எனக்குக் கேட்டது பஸ் அட்டவணை."

வீட்டிலும் அதே பக்கம்தான்.
அம்மாவுக்கும் அப்பாவுக்கும் காது கேட்காது.
எங்களிடம் கதை என்றால்
புத்தகம் மேசைமேல், மூடிக்கொள்ளாமலிருக்க உப்புச் சாடி,
கை காலி.
தோளை இடப்பக்கம் தாழ்த்தி அண்ணாந்து பார்த்தால்
நான் ஓடக்காரன்.
வலப்பக்கம் திரும்பி, மார்பை அகட்டி,
கண்ணைக் கீழே இறக்கினால் கரடி.
எவ்வளவு?
அதற்குப் புருவமே போதும்.
ஒரு குடம் தேன்.
ஓடக்காரனின் விரல்கள் காற்றில் குடம் வரைகின்றன,
வாய் குறுகலாக, வயிறு
அவன் ஓடத்தைவிட அகலமாக.
குடம் என்னிடம் இல்லை, தேன் மட்டும்தான் இருக்கிறது.
இதைச் சொல்லும் முன்
கரடி தன் உள்ளங்கையை ஒருதரம் பார்க்க வேண்டும்,
கொடுக்கலாமா நக்கிவிடலாமா என்று.
அந்த நொடி புத்தகத்தில் அச்சாகவில்லை.
அப்பா கரண்டியைப் போட்டுவிட்டுச் சிரிப்பார்.

இரண்டும் ஒரே கதை என்று
எனக்கு வெகுநாள் தோன்றவேயில்லை.

மார்ச்சில் பெற்றோர் மாலைக்கு ஒத்திகை.
பெஞ்சில் என் பக்கத்தில் உட்காரும் ஜும்பெர்,
எந்நேரமும் சளி பிடித்த மூக்கு, சொன்னான்:
"கடையில் உன் அம்மாவிடம் பேசுவாயே,
அப்படிப் பேசேன்."
"கை புத்தகத்தில் இருக்கே."
அவன் யோசிக்கவெல்லாம் இல்லை.
பிடுங்கினான். தன் மோவாய்க்கு அடியில்
விரித்துப் பிடித்துக்கொண்டு என் எதிரே நின்றான்.

கை அவிழ்ந்தது.
தோள் திரும்பியது.
தோள் போன பக்கம் தொண்டையும் போனது.
என் அடிவயிற்றில் இத்தனை நாள்
வாடகை தராமல் குடியிருந்த ஒருவன்
கரகரவென்று எவ்வளவு என்றான்.
பதில் மூக்கு வழியாக வந்தது,
கஞ்சனின் குரல், சில்லறை எண்ணும் குரல்.
டீச்சர் ஏதோ சொல்ல வாய் திறந்தார்.
மூடினார். பிறகு,
"ஜும்பெர், புத்தகத்தை ஆட்டாதே."

அன்று மாலை அம்மா மூன்றாம் வரிசை,
பச்சைக் கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தாள்.
கரடியின் முறை வந்தது.
உள்ளங்கையைப் பார்த்தேன்.
இன்னும் ஒரு சொல்லும் சொல்லவில்லை,
மூன்றாம் வரிசையில் வெடித்தது சிரிப்பு.
சத்தம் எவ்வளவு என்று
சிரிக்கிறவளுக்கே தெரியாத சிரிப்பு.
கூடத்தில் எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது.
அதற்குப் பிறகுதான் நான் வாய் திறந்தேன்.
அதற்கும் பிறகுதான் மற்றவர்கள் சிரித்தார்கள்,
ஒரு வரி தாமதமாக.

அந்த ஆரவாரத்தில் ஜும்பெர்
இரண்டு பக்கங்களைச் சேர்த்துத் திருப்பிவிட்டான்.
ஓடம் அக்கரையில் நின்றது.
துடுப்புப் போட்டது யார் என்று
அந்தக் கூடத்தில் இருந்த எவருக்கும்
இன்றுவரை தெரியாது.