பகுபதம்

வாரத்தில் ஐந்து நாள் பாளையங்கோட்டையில்
சொற்களை வெட்டுகிறேன்.
பகுதி, இடைநிலை, விகுதி.
வெட்டிப் பழகுவது ஓர் இயந்திரம்,
அது தப்பாக வெட்டியதை எண்ணுவதற்கு
எனக்குச் சம்பளம்.

யாராவது காத்து என்று பேசினால்
காவல் காத்து என்று குறித்துவைக்கும்.
இந்தச் சீமைக்காரர்கள் பேசிய நாற்பது மணி நேரம்
கேட்ட பிறகும்
காற்று என்று அதற்குத் தோன்றவில்லை.
குளிரூட்டிய அறையிலேயே வளர்ந்த பிள்ளை,
அதைச் சொல்லிக் குற்றமில்லை.

ஆறாம் நாள் உவரிக்கு மேற்கே தேரி.
முதுகில் இருபத்தாறு கிலோ மோட்டார்,
செம்மணலில் விரித்த ஆரஞ்சுத் துணி,
துணிக்கும் எனக்கும் நடுவே
சிக்கெடுத்து மாளாத கயிறுகள்.
வாக்கிடாக்கியோடு தவசிமுத்து.
ராதாபுரம் காற்றாலைகளில் இறக்கை பழுது பார்க்கிறவன்.
மாசியில் அவை தூங்கும், அவனுக்கு அப்போதுதான் வேலை,
அதிலும் எனக்கு ஒரு சனிக்கிழமை ஒதுக்கியிருந்தான்.
"கொஞ்சம் பொறுங்க மேடம், ஓலை இன்னும் திரும்பல."

காத்துக்குக் காத்து
உட்கார்ந்திருந்தேன்.

பிறகு ஓடினேன்.
ஏழாவது அடிக்கு மணல் இல்லை.

மேலிருந்து பார்த்தால்
ஒவ்வொரு பனையும் ஒரு நட்சத்திரக் குறி.
எங்கள் தொழிலில் ஒரு வாக்கியத்தின் முன் அதைப் போட்டால்
இப்படி யாரும் பேசமாட்டார்கள் என்று அர்த்தம்.
தேரி முழுக்கப் போட்டிருந்தது.
யாரும் பேசாத ஒரு நீண்ட வாக்கியத்தின் மேல்
நான் போய்க்கொண்டிருந்தேன்,
கடல் வரைக்கும் அது முடியவில்லை.

நூற்றெண்பது மீட்டரில் மோட்டார் நின்றது.
எதிர்பார்த்த அளவுக்குப் பயம் வரவில்லை.
காதில் முதல்முறையாகக் கயிறுகளின் சத்தம்,
கீழே எங்கோ ஆட்டு மணி.
ஏழு சொல் சொன்னேன்:
"தவசி, எஞ்சின் நின்னுட்டு.
கொல்லாமரத்துப் பக்கம் இறக்கப் போறேன்."

வாயில் மணல், முழங்காலில் ரத்தம்,
பூத்த கிளையொன்றில் மாட்டிய துணி.
பைக்கில் வந்தவன் முதலில் துணியைப் பார்த்தான்,
அப்புறம் என்னை.
"கிழியல," என்றான்.
எதை என்று கேட்கவில்லை.

திங்கட்கிழமை அந்தப் பதிவையும் சேர்த்தேன்.
பேச்சுத் தரவு எங்கே கிடைத்தாலும் விடுவதில்லை.
இயந்திரம் நிதானமாக வெட்டியது.
இறக்க: பகுதி இற.
அதாவது, சாகப் போகிறேன்.
இறக்கு என்று திருத்தினேன்,
தட்டச்சில் இரண்டு முறை பிழை வந்தது.

அடுத்த வரி.
கொல்லா: பகுதி கொல், எதிர்மறைப் பெயரெச்சம்.
கொல்லாத மரம்.

விரல் பொத்தான் மேலேயே இருந்தது.
எடுத்துவிட்டேன்.
என் தப்புக் கணக்கில் ஒன்று குறைந்தது.

மறுபார்வையில் ஜெசிந்தா, திசையன்விளைக்காரி,
விடுவாளா?
"இது முந்திரிதானே?"
முந்திரிதான்.
திருத்துகிறேன் ஜெசி,
முழங்கால் ஆறட்டும்.