கீழ்த்தாடை, இடது, கடைசி

ஐந்து நாளைக்கு எதையும் உறிஞ்சக் கூடாது
என்றார் டாக்டர் சுல்மா எச்செவெரி.
சிகரெட் கூடாது. ஸ்ட்ரா கூடாது.
மாத்தே கூடவே கூடாது.
சொல்லும்போது அவர் முழங்கையருகே
சுரைக்குடுக்கையில் வெள்ளிக்குழல் சாய்ந்திருந்தது.
பச்சைத் தூளிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.
தலையாட்டினேன்.
வாயில் பஞ்சு இருந்தால் எவனும் நல்ல பிள்ளைதான்.

பிடுங்கியது ஒன்றும் வலிக்கவில்லை.
பல்லைக் கேட்டு வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.
இரண்டு வேர். ஒன்று தூண்டில் முள்போல வளைந்திருந்தது.

இரண்டாம் நாள் சாயங்காலம் ஒவிதியோ வந்தான்.
என் தங்கையை விட்டுப் போய் நான்கு வருடம் ஆனவன்.
கக்கத்தில் ஃபிளாஸ்க், கையில் குடுக்கை.
முதல் வார்ப்பை, கசப்பை, தானே குடித்தான்.
இரண்டாவதை வார்த்து நீட்டினான்.
எங்கள் ஊரில் நீட்டியதைத் தள்ளினால்
நீ எனக்கு யாரோ என்று பொருள்.
வாங்கிக் குடித்துவிட்டு நன்றி சொன்னால்
போதும், எழுந்து போ என்று பொருள்.
பல் பிடுங்கியிருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம்.
உறிஞ்சினேன்.

துருப்பிடித்த காசின் ருசியோடு
ஏதோ ஒன்று நாக்கின் மேல் வழுக்கிப் போனது.
அவன் அம்மாவின் முழங்கால் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான்.
ஐந்து சுற்று.
தங்கையைப் பற்றி அவனும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் எனக்கு இரவுப் பணி.
பாலத்தின் இந்த முனையில் நான்,
ஆற்றைத் தாண்டினால் அர்ஜென்டினா.
பதினோரு மணிக்கு
என் எலும்புக்குக் காற்று தெரிந்துவிட்டது.
பிறந்ததிலிருந்து அதை யாரும் காட்டியதில்லை அதற்கு.
வலி காது என்றது. காதைப் பொத்தினால்
நெற்றிப்பொட்டு என்றது.
அங்கே அழுத்தினால் கண்ணுக்குப் பின்னால் போய் நின்று
எட்டிப் பார்த்தது.
ரசீதுத் தாளின் பின்புறம் மாத்திரைக் கணக்கு எழுதினேன்:
பதினொன்று பத்து. மூன்று நாற்பது.
ஆறு மணி நேரம் விடச் சொன்னார்கள், விடவில்லை.
ஒவ்வொரு வண்டிக்கும் வாய் திறந்து வணக்கம் சொல்ல வேண்டும்.
ஒவ்வொரு வணக்கத்துக்கும் ஒரு மிடறு குளிர்.

பராகுவாயிலிருந்து மரம் ஏற்றி வந்த லாரிக்காரன்
கன்னத்தில் இருந்த என் கையைப் பார்த்தான்.
வாயை அகலத் திறந்து
உள்ளே டார்ச் அடித்துக் காட்டினான்.
நான்கு காலி இடங்கள்.
பிறகு பாஸ்போர்ட்டை நீட்டினான்.

"மாத்தே குடித்தீர்களா, சென்யோர் பெர்தோமோ?"
"இல்லை."
டாக்டர் குழியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
வெந்நீரும் உப்பும் பாய்ச்சிக் கழுவினார்.
நான் கூரையில் இருந்த ஈரக்கறையை
ஒரு நாடாக நினைத்து அதன் எல்லைகளை எண்ணினேன்.
கிராம்புத் தைலத்தில் தோய்த்த துணிநாடாவை
மடித்து மடித்து உள்ளே திணித்தார்.
இருபது விநாடி.
கூலி வாங்கிய ஆள்போலத்
திரும்பிப் பார்க்காமல் போனது வலி.
அப்போதுதான் அழுதேன்,
நாற்பத்தேழு வயதில், விளக்கு முகத்தில் அடிக்க.
அவர் டிஷ்யூவை நீட்டிவிட்டு ஜன்னல் பக்கம் போய்
குடுக்கையில் வெந்நீர் ஊற்றினார்.

அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள்
பழைய நாடாவை உருவி, புதியதைத் திணித்து.
தலையணை கிராம்பு, கைக்குட்டை கிராம்பு,
ஆறிய பூசணிக்கூழிலும் கிராம்பு.
தங்கை போனில், குரல் ஏன் இப்படி என்றாள்.
பல், என்றேன்.
பல் போனால் சொல் போகுமாம்.
ஒவிதியோ வந்தான் என்ற சொல் எங்கும் போகவில்லை,
நாக்கு போய்ப் போய்த் தொட்டுவிட்டு வந்தது.

பதின்மூன்றாம் நாள் நாடா தேவைப்படவில்லை.
அடியிலிருந்து சதை ஏறுகிறது என்றார்,
கிணறு ஊறுவதுபோல மெதுவாக.

அன்று சாயங்காலம் மறுபடி அவன், வாசலில்.
முதல் வார்ப்பு அவனுக்கு.
இரண்டாவதை வாங்கிக்கொண்டேன்.
உறிஞ்சவில்லை.
குடுக்கை சூடாக இருந்தது,
இடது கன்னத்தில் வைத்துக்கொண்டேன்.
நான் திருப்பித் தரும்வரை
அவனுக்கும் அடுத்தது கிடையாது.
ஃபிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு
உட்கார்ந்திருந்தான்.