அச்சிடாத இடம்

விடியற்காலை மூன்றே முக்கால். எல்கோவில் பனி கொட்டுகிறது.
சுரங்கத்தில் லாரி ஓட்டும் பெர்னாட் உருட்டி
(சிரிக்க வேண்டாம், பாஸ்க் குடும்பப் பெயர்)
ஐந்து பகடைகளில் இரண்டைப் பொறுக்குகிறான்.
சிவப்பு. ஊடே பார்க்கலாம்,
உள்ளே ஒன்றும் ஒளித்து வைக்கவில்லையாம்.

முதல் வீச்சில்
ஏழோ பதினொன்றோ விழுந்தால் கோட்டில் வைத்தவனுக்கு ஜெயம்.
இரண்டு, மூன்று, பன்னிரண்டு என்றால் போச்சு.
வேறு எது விழுந்தாலும் அதுவே குறி.
விழுந்தது எட்டு.
வில்லையை வெள்ளைப் பக்கம் புரட்டி
எட்டின்மேல் வைக்கிறாள் லொரெய்ன்.

இனி எல்லாம் தலைகீழ்.
சற்றுமுன் கும்பிட்ட ஏழுதான் இப்போது எமன்,
மேசையில் யாரும் அதன் பேரைச் சொல்வதில்லை.

எட்டு விழ ஐந்து வழி. அது விழ ஆறு.
அந்த ஒரு வழி அதிகத்தில்தான்
இந்தக் கூரை, இந்தக் கம்பளம், ஓசிக் காப்பி,
லொரெய்னின் பல் வைத்தியக் காப்பீடு.

நாலும் நாலுமாகவே எட்டு வருமென்று
நடுவில் ஐந்து டாலரை எறிகிறான் ஒரு பையன்.
வந்தால் ஒன்பது மடங்கு.
நியாயப்படி பத்து.

கோட்டுக்குப் பின்னால் ஓரிடம் உண்டு.
துணியில் அதற்குக் கட்டமில்லை, எழுத்தில்லை.
அங்கே வைத்தால் எட்டுக்கு, ஐந்துக்கு ஆறு,
கணக்கு சுத்தம், காசினோவுக்கு ஒரு காசு மிஞ்சாது.
எதற்கு அச்சிடுவார்கள்?
உருட்டிக்குத் தெரியும். ஐம்பதை அங்கே வைக்கிறான்.

மூலையில் கம்பளித் தொப்பியுடன் வினோனா ப்ரேதர்
எதிர்க்கோட்டில் வைத்திருக்கிறாள்,
பேர் சொல்லக் கூடாதது வரட்டுமென்று.
சாவு வீட்டில் சாப்பாடு கேட்டவளைப்போல்
எல்லாரும் அவளைப் பார்க்கிறார்கள்.

ஐந்து. பத்து. ஆறு. மறுபடி ஐந்து.
ஒரு பகடை எகிறித் தரையில் விழுந்து
அவள் பூட்ஸ் அருகே நிற்கிறது.
எடுத்துத் தருகிறாள்.
"அதேதான் வேண்டும்," என்கிறான்.
மேலாளர் விளக்கில் காட்டிப் பார்த்துத் திருப்பித் தருகிறார்.

நாலும் மூன்றும்.

லொரெய்னின் குச்சி எல்லாவற்றையும் வழித்துப் போகிறது.
வினோனாவுக்கு முப்பது டாலர்; அவள் நிமிரவில்லை.

அடுத்து பகடை அவளிடம் வருகிறது.
தனக்கு எதிராகவே முப்பதை வைக்கிறாள்.
உருட்டி பாக்கெட்டைத் துழாவி
மிச்சமிருந்த ஒரு சில்லை
அவள் சில்லுக்குப் பக்கத்தில் வைக்கிறான்.

பதினொன்று.

வாழ்க்கையில் முதல் தடவையாக
அவள் வீச்சுக்கு மேசையே கைதட்டுகிறது.
தோற்றவர்கள் இருவர்தான். அதில் ஒருத்திக்குச் சிரிப்பு தாங்கவில்லை.