ஒன்றரை மீட்டர்

கீழே போடுவதுதான் என் வேலையாக இருந்தது.
கை தவறிப் போடக் கூடாது, கணக்காகப் போட வேண்டும்.
ஒன்றரை மீட்டர் உயரம், அடியில் கான்கிரீட்,
ஒரு போனுக்கு இருபத்தாறு முறை:
ஆறு முகம், பன்னிரண்டு விளிம்பு, எட்டு முனை.
ஒவ்வொரு முறையும் குனிந்து எடுத்து,
துடைத்து, திருப்பிப் பார்த்து, படிவத்தில் எழுதுவேன்.
தேறியது. தேறியது. தேறவில்லை.
பதினோரு வருடம்.
"உடைப்பதற்கா சம்பளம் தருகிறார்கள் மெர்யா?"
என்பாள் தங்கை.
அவள் கடையில் கோப்பை உடைந்தால்
சம்பளத்தில் பிடிப்பார்கள்.

அந்த நாட்களில் எங்கள் ஊருக்கு
ஃபின்லாந்து வரைபடத்தில் காட்ட முடியாத ஒரு மிதப்பு.
நீச்சல் குளத்துக்கு இரண்டாவது சறுக்குமரம் வந்தது,
ஆற்றுப் பாலத்துக்கு நீல விளக்கு,
பள்ளியில் ஜப்பானிய மொழி வகுப்பு.
இரவு ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால்
ஜனவரி இருட்டில் ஆயிரத்து எண்ணூறு கார்கள்;
எல்லோரும் ஒரே நேரத்தில்
கண்ணாடியிலிருந்து பனியைச் சுரண்டும் சத்தம்.
அதைத்தான் செழிப்பு என்று நினைத்திருந்தேன்.
இப்போதும்.

பிறகு ஒருநாள் விளையாட்டு அரங்குக்கு அழைத்தார்கள்.
ஹெல்சின்கியிலிருந்து வந்தவர்
விழுந்தோம் என்று சொல்லவில்லை.
திசை மாறுகிறோம் என்றார், கவனம் குவிக்கிறோம் என்றார்.
மீசை இல்லை அவருக்கு,
மண் ஒட்ட இடமில்லை.
கடைசி வரிசையில் நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்:
எவ்வளவு உயரத்திலிருந்து?
எந்த முனை முதலில்?

முதலில் பட்டது காலேர்வோ.
அவன் மேய்த்தது ஒரு இயந்திர விரலை.
ஐந்தாம் எண்ணை அது பத்து லட்சம் முறை அழுத்தும்.
ஏலத்தில் நாற்பது யூரோவுக்கு அதை வாங்கி
தன் வீட்டு வாசல் மணியை அழுத்த விட்டான்,
பக்கத்து வீட்டுக்காரர் போலீசைக் கூப்பிடும்வரை.
வயிறு வலிக்கச் சிரித்தோம்.
நவம்பரில் அவன் அக்கா வந்து வீட்டைக் காலி செய்தாள்.
விரல் எங்கே என்று
யாரும் கேட்கவில்லை.

கட்டிடம் இன்னும் நிற்கிறது.
கிழக்கில் தச்சுப் பயிற்சி, மேற்கில் நாய்த் தீவனக் கிடங்கு,
நடுவில் எங்கள் கான்டீன்.
வியாழன்தோறும் பட்டாணி சூப்;
அதை மட்டும் யாரும் மறுசீரமைக்கவில்லை.
போன வாரம் அதன் வாசலில்
ஒரு பையன் கையிலிருந்து போன் நழுவியது.
நான் முதுகு காட்டி நின்றிருந்தேன்.
"கீழ் இடது முனை" என்றேன் திரும்பாமலே.
சூனியக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.
சியோலிலோ ஷென்செனிலோ ஒருத்தி
அதை இருபத்தாறு முறை போட்டிருப்பாள்.
ஒழுங்காகப் போடவில்லை.

இப்போது முதியோர் இல்லத்தில் இரவுப் பணி.
விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.
ஒன்பது மாதப் படிப்பு, முக்கால் சம்பளம், முழு முதுகுவலி.
படிவம் மட்டும் அதே படிவம்:
விழுந்த உயரம், தரையின் தன்மை,
முதலில் பட்ட பாகம், கண்ணுக்குத் தெரியும் சேதம்.
கடைசிக் கட்டம் ஒன்றுதான் இல்லை.

மார்ச்சில், விடிகாலை மூன்றரைக்கு,
ஏழாம் அறை யெல்ட் கட்டிலிலிருந்து விழுந்தார்.
ஐம்பது சென்டிமீட்டர், லினோலியம், வலது இடுப்பு.
தூக்கி உட்காரவைத்து
திருப்பித் திருப்பிப் பார்த்தேன்,
பழைய கை, பழைய வேகம்.
கையை அசைக்கச் சொன்னேன், அசைத்தார்.
பெயர் கேட்டேன், சொன்னார்.
என் பெயரைக் கேட்டார்.
இதற்குமுன் யாரும் கேட்டதில்லை,
விழுந்த எதுவும்.

படிவத்தின் அடியில், கட்டமே இல்லாத இடத்தில்,
தேறியது என்று எழுதியிருக்கிறேன்.
காலையில் மேற்பார்வையாளர் காட்டித்தான் தெரியும்.
அடித்துவிடச் சொன்னார்.
அடித்தேன்.

யெல்ட் காபி கேட்டார்.
சர்க்கரை ஒன்றுதான் போடலாம் அவருக்கு.
மூன்று போட்டேன்.