கவுனின் நிறம்

சிம்மக்கல்லில் டுடோரியல் காலேஜ் மாடி.
பெஞ்சுகளை ஓரம் தள்ளி, கரும்பலகைமேல் எட்டு முழ வேட்டி கட்டி,
தகரப்பெட்டியில் ரயிலேறி வந்த படம் ஓடியது.
இருபத்து மூன்று பேர். பெண்கள் நானும் ஜெசிந்தாவும்.

படம் முழுக்க மழை.
தொப்பி போட்டவன் ஒருவன்,
அவன் எழுதிய கள்ள உயில்,
லிப்ட் வராத லிப்ட் குழிக்குள் விழும் கிழவன்,
கிழவனின் மனைவி: நீளக் கவுன், சிரிக்காத வாய்.
கடைசியில் துறைமுகம். அவன் கூப்பிடுகிறான்.
அவள் திரும்புகிறாள். ஒரு வெடிச் சத்தம்.
இருட்டு.

"ரீல் அந்துபோச்சா?" என்றார் யாரோ.
இல்லை, முடிவே அதுதான்.

கீழே டீக்கடையில் வழக்கு ஆரம்பமானது.

லாட்ஜ் மேனேஜர் ஜெயிலானி:
"ரிஜிஸ்டர்ல பொய்ப்பேரை மடமடன்னு எழுதுறான் பாருங்க, நம்ப முடியல.
பதினாறு வருசமா பாக்குறேன்.
பொய்ப்பேர் எழுதுறவன் இனிஷியல்ல நிப்பான்.
அப்பன் பேரை மாத்த கை உடனே வராது."

பத்திர எழுத்தர் சோலைமலைக்கு
உயிலில் ரெண்டாவது சாட்சி இல்லாததே குறை.
செல்லாத உயிலுக்கு எதுக்குய்யா ஒரு கொலை?

ஜெசிந்தா பெரியாஸ்பத்திரி நர்ஸ், டூட்டிக்கு நேரமாகிவிட்டது அவளுக்கு.
"உசரத்துலேர்ந்து விழுந்தவுகளுக்கு முதல்ல செருப்புதான் கழலும்.
இந்தாளு பூட்ஸோட கெடக்கான்"
சொல்லிக்கொண்டே பஸ்ஸைப் பார்த்து ஓடினாள்.

கரிமேட்டில் மீன் ஏலம் விடும் ஒச்சப்பன்
பாலத்துக்குக் கீழே வெறும் மணலைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
"இம்புட்டு மழை பேஞ்சும்
ஒருத்தன்கூட அண்ணாந்து பாக்கலையேப்பா."

கடைசியாக ரெங்காராம்,
விளக்குத்தூண் ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டுகிறவர்,
கிளாஸைக் கீழே வைத்தார்.
"அந்தக் கவுன் கறுப்பு இல்லீங்க. அரக்கு.
கறுப்பு வெளிச்சத்தைக் குடிச்சிரும்.
இது மடிப்புல கொஞ்சம் திருப்பித் தருது."

"கலர் மாறுனா கதை மாறிருமாக்கும்?"

"மாறும். கறுப்புன்னா புருசனுக்குத் துக்கம்.
அரக்குன்னா, அவ எப்பவோ கிளம்பிட்டா."

டீ ஆடை கட்டியது.
பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

ஜில்லா கோர்ட்டில் வாக்குமூலம் தட்டச்சு செய்கிறவள் நான்.
ஒரு கத்தியை ஐந்து பேர் பார்த்தால்
காகிதத்தில் ஐந்து கத்தி ஏறும்.
சாட்சி அழுதால் அடிக்க எனக்குச் சாவி இல்லை,
ஜட்ஜ் சொல்வது மட்டும்தான் விழும்.
இதெல்லாம் எனக்குப் பழக்கம்.

"நீங்க சொல்லுங்கம்மா, சுட்டது யாரு?"
"மழை நல்லா இருந்துச்சு" என்றேன்.

சொல்லாமல் வைத்துக்கொண்டது இது:
கிழவன் விழுந்த ராத்திரி அவள் ரெண்டு கோப்பை கழுவுகிறாள்.
ஒன்றைக் கவிழ்த்து வைக்கிறாள்.
மற்றதைத் துடைக்கிறாள், திரும்பத் துடைக்கிறாள்,
எங்கே வைப்பதென்று தெரியாமல்
கையிலேயே வைத்துக்கொண்டு நிற்கிறாள்.
நாலு செகண்டு இருக்கும்.
அப்போது ஜெயிலானி இருமிக்கொண்டிருந்தார்.
ஒச்சப்பன் பீடி தேடினார்.
அதற்கப்புறம் யார் யாரைச் சுட்டால் எனக்கென்ன.

வடக்கு வெளி வீதியில் நடந்தேன்.
கொத்துக்கரண்டி சத்தம் ஒரு கடையில் ஓய
அடுத்த கடையில் பிடித்துக்கொண்டது.
ஒவ்வொரு கம்பத்துக்கும் என் நிழல்
பின்னால் வந்து, காலடியில் சுருண்டு, முந்திப் போனது.
சினிமாக்காரன் காசு கொடுத்துச் செய்வதை
முனிசிபாலிட்டி சும்மா செய்கிறது.

வீட்டில் டிரங்குப்பெட்டி அடியில் கல்யாணப் போட்டோ.
சேலை கரியாகத்தான் விழுந்திருக்கிறது.
மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் எடுத்தது.
அது என்ன நிறம் என்று
இதுவரை குறுக்கு விசாரணையில் ஒருவரும் கேட்கவில்லை.

ரெங்காராமிடம் காட்டலாம்.
மடிப்பைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

காட்டமாட்டேன்.